கொடிக்குப் பின்னால் வரும் கூட்டம்

ஜூலையில் ஆர்லாண்டோ டூர் என்றால், எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இரண்டை மனதில் வைத்துத்தான் நிகழ்ச்சி நிரல் போடுவோம். ஒன்று, மத்தியானம் வானம் இருட்டிக்கொண்டு வரும் இடிமழை. இன்னொன்று, தென் அமெரிக்காவிலிருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கும் பிள்ளைகள்.

டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்குக் கோச்சில் போகிறவர்கள் இறங்கிய இடத்திலிருந்து நேரே வாசலுக்குப் போய்விட முடியாது. நடுவில் பெரிய ஏரி. படகிலோ மோனோரயிலிலோ கடக்க வேண்டும். அந்தப் படகுத்துறையில்தான் பெரும்பாலும் அவர்களைச் சந்திப்போம். ஒரே நிறத்தில் டிஷர்ட், ஒரே மாதிரி முதுகுப்பை. முன்னால் நீளக் கம்பில் கொடியோ பொம்மையோ பிடித்தபடி ஒரு வழிகாட்டி. அவருக்கே இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். பின்னால் நாற்பது ஐம்பது பெண்பிள்ளைகள் கைதட்டிக்கொண்டும் குதித்துக்கொண்டும் பாடுவார்கள். படகு கிளம்பினால் அந்தப் பாட்டு தகரக் கூரையில் மோதித் திரும்பும். என் குழுவில் காதுக்கு மிஷின் வைத்திருக்கும் தாத்தாக்கள் அதைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்கள்.

ஒருமுறை மதுரையிலிருந்து வந்திருந்த பாட்டி ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்து, "ஏன் தம்பி, இதுங்கெல்லாம் எந்த ஊருப் பிள்ளைங்க? பெத்தவங்க யாரும் கூட வரலையா?" என்று கேட்டார்.

"பிரேசில் பாட்டி. அங்க பொண்ணுக்குப் பதினஞ்சு வயசு ஆனா பெரிய விழா எடுப்பாங்க. விழா வேண்டாம், டிஸ்னிக்கு அனுப்புங்கன்னு சில பொண்ணுங்க கேக்கும்."

பாட்டி கொஞ்ச நேரம் அந்தப் பிள்ளைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பொறந்தநாளுக்கு வந்ததுங்களா? அப்ப சரி, கத்தட்டும்."

எங்கள் குழுவில் அதற்குப் பிறகு யாரும் முணுமுணுக்கவில்லை. அன்று முதல், ஜூலை குழுக்களுக்கு இந்த விவரத்தைக் கோச்சிலேயே மைக்கில் சொல்லிவிடுகிறேன். யார், எதற்கு வந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டால் சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி இருக்கிறது.

பிரேசிலில் ஜூலை குளிர்காலப் பள்ளி விடுமுறை. பதினைந்தாம் வயது விழா என்றால் மண்டபம் பிடித்து, நீள கவுன் உடுத்தி, அப்பாவோடு வால்ட்ஸ் ஆடுவது வரை செலவு உண்டு. 1994-இல் ரியால் என்ற புதிய நாணயம் ஏறக்குறைய டாலருக்குச் சமமாக வந்தது. அப்போது வெளிநாட்டுப் பயணம் நடுத்தரக் குடும்பங்களுக்கும் எட்டியது. 1999-இல் ரியாலின் மதிப்பு சரிந்தது. அதன் ஏற்ற இறக்கத்தோடுதான் இந்தக் கூட்டமும் கூடிக் குறைந்து வந்திருக்கிறது. அர்ஜென்டினாவிலும் இதே வழக்கம் இருக்கிறது. மஞ்சளும் பச்சையும் இல்லாமல் வெளிர்நீலமும் வெள்ளையுமாகக் கொடி வந்தால் அவர்கள். எப்காட் பூங்காவில் பதினொரு நாடுகளுக்கு மாதிரிக் கட்டடம் கட்டி வைத்திருக்கிறார்கள். அதில் பிரேசிலும் இல்லை, அர்ஜென்டினாவும் இல்லை, இந்தியாவும் இல்லை. இவ்வளவு தூரம் கடந்து வருகிறவர்களுக்கு அங்கே ஒரு வாசல் இருந்திருக்கலாம் என்று எனக்கு எப்போதும் தோன்றும்.

சரி, சத்தத்துக்கு வருகிறேன். குழு நடத்துகிறவன் காதோடு கேட்டால் அதில் வேறொன்று கேட்கும். முன்னால் நிற்கும் வழிகாட்டி ஒரு வரி சொல்கிறார், பிள்ளைகள் பதில் வரியைக் கத்துகிறார்கள். அவர் காது பாட்டில் இல்லை, வாலில் இருக்கிறது. பின்னாலிருந்து பதில் மெலிந்து வந்தால், கடைசிப் பத்துப் பேர் எங்கோ ஐஸ்கிரீம் வண்டியில் நின்றுவிட்டார்கள் என்று அர்த்தம். பூங்காவின் ஃபேன்டசிலேண்ட் பகுதியில் ஒரு நாள் இதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பதில் குரல் இறங்கியதும் முன்னவர் சட்டென்று நின்று கொடியை நேராகத் தூக்கினார். கடைசியில் வந்த இன்னொரு வழிகாட்டி கையைத் தூக்கி மூன்று விரல் காட்டினார். மூன்று பேர் குறைகிறார்கள். ஒரு நிமிஷத்தில் மூவரும் ஓடி வந்து சேர்ந்தார்கள், பாட்டு மறுபடி கிளம்பியது. பேர் வாசிக்கவில்லை, தலை எண்ணவில்லை. பெற்றோர் கூட இல்லாத ஐம்பது பிள்ளைகளைப் பல்லாயிரம் பேர் நடமாடும் இடத்தில் தொலைக்காமல் கொண்டுபோக இதைவிட வேகமான ஹெட் கவுண்ட் எனக்குத் தெரியாது. அறுபது வயதைக் கடந்தவர்களை வைத்துக்கொண்டு நான் இதைச் செய்ய முடியாது. குடும்பத்துக்கு ஒருவர் என்னிடம் வந்து "நாங்க நாலு பேரும் வந்தாச்சு சார்" என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்தப் பிள்ளைகள் அதிகமாகக் கத்துவது நடக்கும்போது அல்ல, நிற்கும்போது. திருப்பதியில் கூண்டில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கும்போது "கோவிந்தா" என்று எழும் குரலைக் கேட்டவர்களுக்கு இது புரியும். காத்திருக்கும் உடம்பு எதையாவது செய்தாக வேண்டும். வரிசை நகர்ந்தால் குரல் தானாக இறங்கிவிடும்.

நேரக் கணக்கையும் பார்க்க வேண்டும். ஸ்பேஸ் மவுண்டன் சவாரியில் ஒரு ராக்கெட்டுக்கு 6 பேர், ஒருவர் பின் ஒருவராக. தடம் இரண்டு. நாற்பத்தெட்டுப் பேர் உங்களுக்கு முன்னால் புகுந்தால் எட்டு ராக்கெட், தடத்துக்கு நான்கு. ஒரு சில நிமிஷம்தான் தாமதம். ஆனால் அந்தச் சத்தத்துக்கு நடுவே நிற்பவர்களுக்கு அரை மணி நேரம் போனதாகத் தோன்றும். அதனால் என் வழக்கம் இது: வாசலில் கொடி தெரிந்தால் என் ஆட்களை நிழலில் உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, அந்தப் பிள்ளைகளை முன்னே விட்டுவிடுவேன். அலை போன பிறகு கொஞ்ச நேரம் வாசல் காலியாகவே இருக்கும்.

சத்தம் உண்மையாகவே மற்றவர்களைக் கெடுக்கும் இடங்களும் உண்டு. ஹான்டட் மேன்ஷன் என்ற பேய்வீட்டில் முதலில் எல்லோரையும் ஓர் அறைக்குள் விட்டுக் கதவை மூடுவார்கள். கூரை மெல்ல மெல்ல உயரும், சுவர்ப் படங்கள் நீளும், பேயின் குரல் கதை சொல்லும். அந்தக் குரல் கேட்காவிட்டால் அங்கே போனதற்கே பலன் இல்லை. உள்ளே போய்விட்டால் வண்டிகள் நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், வண்டிக்கு இரண்டு மூன்று பேராக எந்தக் கூட்டமும் கரைந்துவிடும். அந்த அறையின் சில நிமிஷங்கள்தான் பிரச்சினை. மழை வந்தால் இன்னும் மோசம். இடி இடித்தால் வெளியில் ஓடும் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், பூங்கா மொத்தமும் கூரைக்குக் கீழே வந்து நெருக்கும்.

அந்த அறையின் வாசலில்தான் நல்ல வழிகாட்டியும் மற்றவரும் பிரிந்து தெரிவார்கள். கதவு திறக்கும் முன் திரும்பி நின்று உதட்டில் விரல் வைத்த ஒரு பெண் வழிகாட்டியைப் பார்த்திருக்கிறேன். அதுவரை தொண்டை கிழியப் பாடிய பிள்ளைகள் அப்படியே அடங்கினார்கள். ஃபோனில் மூழ்கிக்கொண்டு பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டவரையும் பார்த்திருக்கிறேன். இருவரும் ஒரே நாட்டுக்காரர்கள். கூட்டத்தைப் பார்த்து ஒரு நாட்டையே ஏசுகிறவர்கள் கொடி பிடித்த கையைக் கவனிப்பதில்லை. ஆட்களை எங்கே சேர்த்து நிறுத்த வேண்டும், எங்கே பத்துப் பத்தாகப் பிரிக்க வேண்டும், எங்கே வாயை மூடச் சொல்ல வேண்டும் என்பதுதான் எங்கள் தொழில். டிக்கெட்டும் ரூமிங் லிஸ்ட்டும் யாரும் செய்யக்கூடிய வேலை.

நாமும் இன்னொருவருக்கு வெளிநாட்டுக் கூட்டம்தான். 2010-இல் திறந்த சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸுக்கு நம் கோடை விடுமுறையில் போய்ப் பாருங்கள். வரிசையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கூப்பிட்டுப் பேசும் குரல்களில் தமிழ் நிறையவே கேட்கும். பாடுவதில்லை, பேசுகிறோம். பக்கத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

சத்தத்தைக்கூட மன்னித்துவிடுவார்கள், இடம் பிடிப்பதை மன்னிக்க மாட்டார்கள். ஒருவர் மட்டும் வரிசையில் நின்று, அரை மணி கழித்துப் பதினைந்து பேர் கயிற்றுக்கு அடியில் குனிந்து வந்து சேர்வதைப் பார்க்கும் முகங்களை நான் பார்த்திருக்கிறேன். பின்னால் நிற்கும் குழந்தையும் காலையிலிருந்து நிற்கிறது. குழுவாகப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள் இது ஒன்றுதான்: எல்லோரும் வந்து சேர்ந்த பிறகு வரிசையில் நுழையுங்கள். யாராவது கழிப்பறைக்குப் போயிருந்தால் வெளியிலேயே காத்திருங்கள்.