பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது



பட்டியல் என்றால் என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டதிலிருந்து அகதிப் பட்டியல், நிவாரணப் பட்டியல், மீள்குடியேற்றப் பட்டியல், வாக்காளர் பட்டியல் என்று பட்டியல்களோடுதான் வாழ்கிறோம். ஒரே குடும்பத்தில் வாப்பாவின் பதிவு புத்தளத்திலும் மகனின் பதிவு மன்னாரிலும் இருப்பது நமக்குப் புதினமில்லை.

இப்போது அந்தப் பட்டியல்கள் கணினிக்குள் போய்விட்டன. பள்ளி நிர்வாகம், விளையாட்டுக் கழகம், கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள கமக்காரர் அமைப்பு என்று எல்லோரும் எக்செல் கோப்பு வைத்திருக்கிறோம். நூறு பேர் பட்டியலுக்கு அது நல்ல கருவி. பெரிய பட்டியலுக்கு இரண்டு விடயங்களைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

முதலாவது, எக்செல் தாளுக்கு எல்லை உண்டு. ஒரு தாளில் 10,48,576 நிரைகள்தான். 2024 ஜனாதிபதித் தேர்தலில் வாக்காளர்கள் 1 கோடி 71 இலட்சம் பேர். ஆளுக்கொரு நிரை என்றால் 17 தாள் வேண்டும். பழைய எக்ஸ்.எல்.எஸ் வடிவத்தில் எல்லை வெறும் 65,536. 2012 கணக்கெடுப்பில் மன்னார் மாவட்டச் சனத்தொகை ஒரு இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. நம் மாவட்டம்கூட அந்தப் பழைய தாளுக்குள் அடங்காது. இங்கிலாந்தில் 2020இல் இதுதான் நடந்தது. கொரோனாத் தொற்றாளர் விபரம் பழைய வடிவக் கோப்புக்குள் போனபோது, எல்லைக்கு மேற்பட்ட நிரைகள் சத்தமில்லாமல் விடுபட்டன. 15,841 பேரின் விபரம் நாளாந்தக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலையும் அதனால் பிந்தியது.

இரண்டாவது நமக்கு இன்னும் நெருக்கமானது: அடையாள அட்டை இலக்கம். முஹம்மது, முகம்மது, மொஹமட் என்று ஒரே ஆளின் பெயரை மூன்று அலுவலகத்தில் மூன்று விதமாக எழுதுவார்கள். ஆகவே இரண்டு மாவட்டப் பட்டியலை ஒப்பிட்டு ஆளைக் கண்டுபிடிக்க இலக்கம்தான் துணை. பழைய இலக்கத்தின் கடைசியில் ஆங்கில எழுத்து இருப்பதால் எக்செல் அதை எழுத்தாகவே விட்டுவிடும். புதிய 12 இலக்க எண்ணை அது கணக்குப் போடும் எண் என்று நினைத்துச் சுருக்கிக் காட்டும். அப்படியே சி.எஸ்.வி கோப்பாகச் சேமித்தால் முதல் ஆறு இலக்கம்தான் மிஞ்சும். அதாவது பிறந்த வருடமும், நாளைக் குறிக்கும் முதல் இரண்டு இலக்கமும். ஒரே வருடத்தில் அதே பத்து நாளுக்குள் பிறந்த ஆண்கள் எல்லோரும் ஒரே ஆளாகிவிடுவார்கள். தொலைபேசி எண்ணின் முன்னாலுள்ள 0 உம் இப்படித்தான் காணாமல் போகிறது. பெயர் பட்டியலில் இருக்கும்; ஆனால் அந்தப் பெயருக்குரியவர் யாரென்று நிரூபிக்க முடியாது.

இதற்கு வழி உண்டு, செலவும் இல்லை. எக்செல் கோப்பு முழுவதையும் நினைவகத்துக்குள் இழுத்துவரப் பார்க்கும். தரவுத்தள மென்பொருள் அப்படியல்ல. குளத்துத் தண்ணீரை யாரும் வீட்டுக்குக் கொண்டுவருவதில்லையே, துருசைத் திறந்து தேவையான அளவைத்தானே விடுகிறோம்? அதுபோல, கோப்பு வட்டிலேயே இருக்க, கேட்ட நிரைகளை மட்டும் எடுத்துத் தரும். எஸ்கியூலைட் அப்படிப்பட்டது, நம் கைபேசிக்குள் வட்ஸ்அப் செய்திகளைச் சேமிப்பதும் அதுதான். 'டிபி பிரவுசர் ஃபோர் எஸ்கியூலைட்' என்ற இலவச மென்பொருளை நிறுவினால் சுட்டியாலேயே வேலை செய்யலாம். அம்ஸ்டர்டாம் ஆய்வாளர்கள் 2019இல் வெளியிட்ட டக்டிபி, கோடிக்கணக்கான நிரைகளையும் சாதாரண மடிக்கணினியில் எண்ணித் தரும். ஐ.சி.ரி படிக்கும் உயர்தரப் பிள்ளைகள் விடுமுறையில் இதைப் பழகலாம். பழைய அடையாள இலக்கத்தின் முன் 19 சேர்த்து, அதன் ஐந்தாம் இலக்கத்துக்குப் பின் ஒரு 0 செருகி, கடைசி எழுத்தை நீக்கினால் புதிய இலக்கம் வரும். பட்டியல் முழுவதற்கும் இதை ஒரே கட்டளையில் செய்துவிடலாம்.

மென்பொருள் பழகாதவர்களும் நான்கு காரியம் செய்யலாம். மூலக் கோப்பைத் தொடாமல் பிரதியில் திருத்துங்கள். அடையாள அட்டை, தொலைபேசி நிரல்களைப் பதியுமுன்பே 'எழுத்து' என்று மாற்றிவிடுங்கள். கோப்பு வந்தபோது எத்தனை நிரை, அனுப்பும்போது எத்தனை என்று எண்ணி எழுதி வையுங்கள். சனங்களின் இலக்கங்கள் உள்ள கோப்பை வட்ஸ்அப் குழுக்களில் போடாதீர்கள், அது அமானிதம்.

நம்மில் பலர் ஒரு பெயருக்காக எத்தனை கந்தோர் ஏறி இறங்கியிருக்கிறோம். அடுத்த பட்டியலைத் தயாரிக்கும் கை நம்முடைய பிள்ளையின் கையாக இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு இதைக் காட்டுங்கள். தெரியாததைக் கேளுங்கள், பாடசாலை முடிந்த பிறகு சேர்ந்திருந்து பார்ப்போம்.