வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள்

பள்ளிக்கூடத்தை விட்டாலும் பாடத்தை விட முடியவில்லை. இன்று கொஞ்சம் உயிரியல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் செல்களுக்குள் பி53 என்றொரு புரதம் இருக்கிறது. 1979-இல் கண்டுபிடித்தார்கள். புற்றுநோயை வளர்ப்பதே இதுதான் என்று முதலில் நினைத்தார்கள். தடுப்பதுதான் இதன் வேலை என்று புரிய பத்து வருஷம் ஆயிற்று.

தலைமையாசிரியர் எல்லா வகுப்புக்கும் போய்ப் பாடம் நடத்துவதில்லை. மணியடிக்கச் சொல்வார்; மற்றதெல்லாம் தானே நடக்கும். பி53-ம் அப்படித்தான். டி.என்.ஏ.வில் சேதம் ஏற்பட்டால், அதன்மேல் போய் உட்கார்ந்து சில ஜீன்களை இயக்கிவிடும். ஒரு ஜீன் செல் பிரிவதை நிறுத்தும். பழுதுபார்க்க நேரம் கிடைக்கும். சரிசெய்யவே முடியாதென்றால், செல் தன்னைத்தானே அழித்துக்கொள்ள வேறு ஜீன்கள் வேலை செய்யும். இப்படி ஜீன்களை இயக்குகிற புரதத்தைப் படியெடுத்தல் காரணி என்பார்கள்.

அந்தப் புரதத்தின் ஜீனே கெட்டுப்போனால்? மணியடிக்கச் சொல்ல ஆளில்லை. கெட்ட செல் பெருகிக்கொண்டே போகும். மனிதருக்கு வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இந்த ஜீன் கெட்டிருக்கிறது. வாய்ப்புற்றுநோயிலும் இது அதிகம். போயிலை டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும். போயிலை இல்லாத பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-இல் சொல்லிவிட்டது.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. நம் தோவாளையில் பூ கட்டுகிறவர்களில் சிலருக்கு வாயில் வெற்றிலை இருந்தால்தான் கை ஓடும். அப்படி ஓர் ஆச்சிக்குக் கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு. டாக்டரிடம் காட்டச் சொன்னேன். "வலியே இல்ல சாரே, பெறவு என்னத்துக்கு ஆஸ்பத்திரி?" என்றார்.

செல்லுக்குள் ஜீன் கெடும்போது வலிக்காது. வலி வரும்போது பல நேரம் நோய் முற்றியிருக்கும்.

திருவனந்தபுரத்தில் 1996 முதல் ஓர் ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே, இப்படிப் பார்க்காத பகுதிகளைவிட வாய்ப்புற்றுநோய் மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005-இல் வெளிவந்த முடிவு இது.

எல்லா வெள்ளைத் திட்டும் புற்றுநோய் அல்ல. ஆனால் இரண்டு வாரத்தில் மறையாத திட்டையும் ஆறாத புண்ணையும் டாக்டர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் வெற்றிலை போடுகிறவர்களை நாளைக் காலை வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.