கதவுக்கு உள்ளே

தில்லி சித்தரஞ்சன் பார்க்கில், மாடியை ஆய்வு மாணவர்களுக்கு வாடகைக்கு விட்டுக் கீழ்த்தளத்தில் வாழும் ஒரு மூதாட்டி படம் பார்க்கும் முறை எந்தத் திரைப்பட வகுப்பிலும் கற்பிக்கப்படுவதன்று. பட்டாணி உரித்துக்கொண்டே பாதியில் தொடங்குவார். குக்கர் கூவினால் எழுந்து போவார். இயக்குநர் பெயர் ஒன்றும் நினைவில் இராது. குடியிருப்போர் அவரை மாஷிமா என்பர். வங்காளத்தில் தாயுடன் பிறந்தவளைக் குறிக்கும் சொல் அது. எண்பதைக் கடந்தவர், கிழக்கு வங்கத்திலிருந்து குழந்தையாக வந்தவர்.

பழையதெல்லாம் பொன் என்று கருதுபவரல்லர் அவர். 1978இல் வந்த 'டான்' படத்தைக் காட்டிலும் 2006இல் வந்த 'டான்' அவருக்குப் பிடிக்கும். இறுதிவரை நல்லவன் என்று நம்பவைத்து, கடைசியில் அவனே டான் என்று காட்டும் துணிச்சலை மெச்சுவார். ஏமாற்றினால் இப்படி ஏமாற்ற வேண்டும் என்பார். 'ஷோலே'யை மறுஆக்கம் செய்த 'ராம் கோபால் வர்மா கி ஆக்' படத்தையோ ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டார்: "கையை வெட்டியவன் எங்கே, விரலை வெட்டியவன் எங்கே!" அந்தப் படத்தைப் பற்றி இதற்குமேல் விமர்சனம் தேவையா என்பது ஐயமே.

'தேவதாஸ்' மட்டும் அவரிடம் வேறு வகையில் இயங்குகிறது. சரத்சந்திரரின் நாவல் நூலாக வந்தது 1917இல். பி.சி. பரூவா 1935இல் வங்காளியிலும், அடுத்த ஆண்டு சைகலை வைத்து இந்தியிலும் எடுத்தார். அதற்கு ஒளிப்பதிவு செய்த பிமல் ராய் 1955இல் தாமே அதை மறுபடி இயக்கினார். 1953இல் நாகேஸ்வர ராவும் சாவித்திரியும் நடித்து வந்த படம் தென்னாட்டவருக்கு அறிமுகம் தேவையில்லாதது. 2002இல் சஞ்சய் லீலா பன்சாலி, 2009இல் 'தேவ் டி' எடுத்த அனுராக் கஷ்யப். ஒவ்வொரு தலைமுறையும் தனக்கென ஒரு குடிகாரனைச் செய்துகொண்டது.

மாடியில் குடியிருந்த மாணவர் ஒருவரின் ஆய்வுப்பொருள் தழுவலும் மூலத்துக்கான விசுவாசமும். பன்சாலியின் படத்தில் பார்வதியும் சந்திரமுகியும் சேர்ந்து ஆடும் காட்சி மூலத்துக்கு இழைத்த பெருந்துரோகம் என்று அவர் தம் இயலில் எழுதியிருந்தார். நாவலில் அவ்விருவரும் சந்திப்பதேயில்லை. பிமல் ராய் அவர்களைச் சாலையில் ஒருவரையொருவர் கடந்துபோக மட்டுமே விட்டார்: பல்லக்கில் சுசித்ரா சென், கால்நடையாக வைஜெயந்திமாலா, ஒரு பார்வை, சொல் ஏதுமில்லை. அந்த மௌனத்துக்கு முன் நடனம் எம்மாத்திரம் என்பது மாணவரின் வாதம்.

மாஷிமா அதை ஏற்கவில்லை. பார்த்தால் என்ன, ஆடினால் என்ன என்று கேட்டார். கணவன் வீட்டில் பாரோ ஒரு பொழுதாவது களித்திருக்க யாரேனும் இடம் கொடுத்தார்களா? அந்த ஆட்டத்துக்குப் பிறகு அவளைத் தண்டிக்கவும் செய்தார்கள், வாசலைத் தாண்டக்கூடாது என்று. அதனால்தான் அந்தக் காட்சி அவருக்கு உண்மையாகப் பட்டது. 'தேவ் டி'யில் பாரோ சைக்கிளில் மெத்தையைக் கட்டிக்கொண்டு வயலுக்குப் போவதைப் பார்த்துச் சிரித்தவர், திருமணமான பின் அவள் வந்து தேவின் அறையைக் கூட்டித் துணி துவைத்ததைக் கண்டதும் எழுந்து போய்விட்டாராம்.

ஆனால் எல்லாத் 'தேவதாஸ்'களின் மீதும் அவருக்கு ஒரு குறை பொதுவாக உண்டு. 1955இலும் 2002இலும் கதவு மூடுகிறது. கேமரா வெளியே சாகிறவனுடையது. நாவலிலோ ஓடி வந்த பார்வதியைப் பிடித்து, மூர்ச்சையுற்றவளை உள்ளே கொண்டுபோகிறார்கள். அந்த உள்ளே என்ன இருந்தது என்பதே மாஷிமாவின் கேள்வி. பார்வதி மணந்தது பிள்ளைகள் வளர்ந்துவிட்ட ஒரு கைம்பெண்டாளனை. தந்தையின் மறுமணத்தால் முகம் திருப்பிக்கொண்ட மூத்தாள் மகள் ஜசோதாவுக்குத் தன் நகைகளையெல்லாம் பூட்டிவிட்டு அவளைத் தன்வசப்படுத்துகிறாள். நாவலில் சில பக்கங்களே வரும் அந்தப் பகுதி எந்தப் படத்திலும் மனத்தில் நிற்கும்படி வரவில்லை என்பது அவர் குற்றச்சாட்டு. சந்திரமுகியாக நடித்ததற்குத் துணை நடிகை விருது தரப்பட்டபோது, தாம் துணைப் பாத்திரமல்ல என்று வைஜெயந்திமாலா அதை மறுத்த செய்தியை மாணவர் சொன்னதும், "சரியாகத்தான் செய்தாள்" என்று அவர் சொன்ன வேகத்தில் பட்டாணி இரண்டு தரையில் உருண்டது.

மாஷிமா 1963இல், பத்தொன்பது வயதில், இரண்டு குழந்தைகளின் தந்தையான ஓர் அரசு எழுத்தருக்கு இரண்டாம் தாரமாக வந்தவர் என்பது மாணவருக்குத் தெரியாது. கடந்த குளிர்காலத்தில், புனேயிலிருந்து வந்திருந்த மூத்தாள் மகளோடு தொலைக்காட்சியில் பன்சாலியின் படம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது. எழுபதை எட்டிய அந்த அம்மையார் பட்டாணித் தட்டின் மறுபுறம் அமர்ந்திருந்தார். வாடகை கொடுக்க வந்த மாணவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மாஷிமா மறுபடி ஜசோதா கதையைத் தொடங்கினார்.

"நீங்கள் எனக்கு நகை போட்டீர்களா, மா?"

"இருந்தால்தானே போடுவதற்கு! இரண்டு வளையல். அதையும் ஒருநாள் பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டு வந்தாய்."

"தொலைக்கவில்லை. நீங்கள் போட்டதென்று கழற்றிக் குளத்தில் எறிந்தேன்."

திரையில் பார்வதி படிகளில் ஓடிக்கொண்டிருந்தாள். மாஷிமா ஒரு நெற்றை உரித்து முடித்தார். பிறகு, "தெரியும்," என்றார். "அன்று சாயங்காலம் உன் பாவாடை ஓரமெல்லாம் சேறு."

மகள் கையிலிருந்த தோலை எங்கே போடுவதென்று தெரியாமல் வைத்திருந்தார். கதவு மூடியதா என்று இருவரும் பார்க்கவில்லை. மாணவர் வாடகையை மறுநாள் கொடுத்தார். நடனக் காட்சியைப் பற்றிய அந்த இயலை இன்னும் நெறியாளரிடம் கொடுக்கவில்லை.