மகளுக்கொரு பள்ளி தேடினோம்



சென்ற கோடை விடுமுறை முழுவதும் எங்கள் இல்லத்தில் ஒரே பேச்சுதான்: மகளை ஒன்பதாம் வகுப்பில் எங்கே சேர்ப்பது? செஞ்சிக்கு மேற்கே, திருவண்ணாமலைச் சாலையை ஒட்டிய சிற்றூர் எங்களுடையது. ஊரிலுள்ள நடுநிலைப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது.

மகளின் மாமு, தனியார் பள்ளியே சிறந்தது என்றார். முதலாண்டுக் கட்டணத்தைத் தாமே ஏற்பதாகவும் சொன்னார். அவருடைய அன்பை நாங்கள் குறைத்து எண்ணவில்லை. ஆனால் அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு எங்களிடம் வழியில்லை. வேறொரு கணக்கும் இருந்தது. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் உள்ளது. மறு ஆண்டு பொறியியல் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. அவ்வாறு பயின்று கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 இல் வந்தது. ஒன்பதாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றினால் இவ்வுரிமைகள் கைநழுவும். எனவே அரசுப் பள்ளி என்பதில் உறுதி கொண்டோம். எந்தப் பள்ளி என்பதே கேள்வியாக நின்றது.

இஸ்திகாரா தொழுதோம். ஒட்டகத்தைக் கட்டாமல் தவக்குல் வைப்பது முறையன்று என்பதால், நேரில் சென்று பார்க்கவும் புறப்பட்டோம். மூன்று பள்ளிகளைப் பார்த்தோம். முதலாவது, நடந்தே செல்லக்கூடிய உயர்நிலைப் பள்ளி; பத்தாம் வகுப்பு வரை உண்டு. இரண்டாவது, வேறு திசையிலுள்ள இருபாலர் மேல்நிலைப் பள்ளி. மூன்றாவது, பேருந்தில் செல்ல வேண்டிய பெண்கள் மேல்நிலைப் பள்ளி.

தொடக்கத்தில் தேர்ச்சி விழுக்காட்டையே அளவுகோலாகக் கொண்டோம். அது போதாது என்பது விரைவில் விளங்கிற்று. இருபது பேர் எழுதும் பள்ளியில் ஒரு பிள்ளை தவறினாலே ஐந்து விழுக்காடு குறைந்துவிடும். இருநூறு பேர் எழுதும் பள்ளியில் அதே ஒரு பிள்ளையால் அரை விழுக்காடுதான் குறையும். ஆகவே கேள்விகளை மாற்றினோம். ஒன்பதில் சேர்ந்தவர்களுள் எத்தனை பேர் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதினர்? கணிதத்திற்கும் அறிவியலுக்கும் நிலையான ஆசிரியர் உண்டா? பெண் பிள்ளைகளின் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா? பதினொன்றாம் வகுப்பில் எந்தெந்தப் பாடப் பிரிவுகள் உள்ளன?

விடைகள் எங்கள் எண்ணத்தைப் புரட்டிப் போட்டன. அருகிலுள்ள சிறிய பள்ளியில் ஆசிரியர்கள் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அறிந்திருந்தார்கள். வகுப்பறை அமைதியாக இருந்தது. இரண்டாவது பள்ளியில் உயிரியல் பிரிவே இல்லை. எங்கள் மகளோ செவிலியர் ஆக வேண்டுமென்று ஐந்தாம் வகுப்பிலிருந்தே சொல்லி வருகிறாள். மூன்றாவதில் எல்லாப் பிரிவுகளும் உண்டு. ஆனால் பேருந்துப் பயணம்.

நன்னிமா பேருந்து என்றதும் கலங்கினார். "பக்கத்துல இருக்கறதுலயே பத்து வரைக்கும் படிக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். எங்களுக்கும் அதுவே எளிதாகத் தோன்றிற்று.

அந்த 'அப்புறம்' என்ற சொல்தான் எங்களை நிறுத்தியது. எங்களுள் ஒருவர், மகளின் தாயார், பத்தாம் வகுப்போடு நின்றவர். நல்ல மதிப்பெண் பெற்றவர். படிக்க வேண்டாமென்று எவரும் தடுக்கவுமில்லை. பள்ளி பத்தோடு முடிந்தது. அடுத்த பள்ளி தொலைவில் இருந்தது. பிறகு பார்க்கலாம் என்றார்கள். அந்தப் பிறகு வரவே இல்லை. நன்னிமாவிடம் இதை நினைவூட்டியபோது அவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "அப்ப பஸ்ஸுல யார் கூடப் போவா?" என்று மட்டும் கேட்டார். அது மறுப்பன்று, நாங்கள் விடை தேட வேண்டிய கேள்வி.

அடுத்த வெள்ளி ஜுமுஆவுக்குப் பின் ஜமாஅத்தாரிடம் பேசினோம். அதே கவலையில் மேலும் மூன்று குடும்பங்கள் இருந்தது அன்றுதான் தெரிந்தது. அவர்களுள் ஒருவர் தம் மகளின் படிப்பை எட்டோடு நிறுத்திவிட எண்ணியிருந்தார். துணை இருக்கிறது என்றதும் மனம் மாறினார். அல்ஹம்துலில்லாஹ்.

இன்று நான்கு பிள்ளைகளும் கட்டணமில்லாப் பயண அட்டையுடன் ஒன்றாகப் பேருந்து ஏறுகிறார்கள். இராஜகிரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே செல்லும் சாலையில் அவர்கள் போகிறார்கள். 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை அது. பிள்ளைகளுக்கோ பள்ளி நெருங்கிவிட்டது என்பதற்கான அடையாளம். சிறப்பு வகுப்பு உள்ள நாள்களில் திரும்புவதற்குள் மஃக்ரிப் ஆகிவிடும். அன்று நான்கு வீட்டாரும் முறைவைத்து நிறுத்தத்தில் காத்திருக்கிறோம்.

எங்கள் தேர்வில் இழப்பே இல்லை என்று சொல்லமாட்டோம். நடை தூரத்தையும், பெயர் சொல்லி அழைக்கும் சிறிய வகுப்பையும் விட்டுக்கொடுத்தோம். ஒவ்வொரு குடும்பத்திற்கும் விடை வேறாகலாம். ஆயினும் பெண் பிள்ளைக்குப் பள்ளி தேடும் பெற்றோரிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறோம்: அந்தப் பள்ளி எந்த வகுப்போடு முடிகிறது, அதற்கடுத்த பள்ளி எது என்பதைச் சேர்க்கும் நாளிலேயே முடிவு செய்துவிடுங்கள். துணை வேண்டுமானால் பள்ளிவாசலில் கேளுங்கள்; அதே கேள்வியோடு இன்னொரு குடும்பமும் அங்கே நின்றுகொண்டிருக்கலாம்.

எங்கள் பிள்ளைகளுக்காக துஆ செய்யுங்கள்.