கடைமடை வீட்டின் விளக்கு

மட்டக்களப்பிலிருந்து தெற்கே வரும் பெருந்தெரு கல்முனையை அண்மிக்கும்பொழுது, ஓர் ஊர் எங்கே முடிகிறது, அடுத்த ஊர் எங்கே தொடங்குகிறது என்று வெளியூரார் சொல்லிவிட முடியாது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என வீட்டுச் சுவரும் வீட்டுச் சுவரும் உரசிக்கொண்டே செல்கின்றன. கிழக்கே கடல்; மேற்கே வயல். இடையிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்திலேதான் இத்தனை குடும்பங்களும் பள்ளிவாசல்களும் கோவில்களும் கடைகளும் இடம் பிடித்திருக்கின்றன.

நாம் சென்றது ரமழான் மாதத்து மாலை ஒன்றில். மருதமுனையில், கடலை நோக்கிச் செல்லும் ஒழுங்கை ஒன்றின் கடைசி வீடு. வீட்டுக்காரர் கைத்தறி நெசவாளர். ஊரார் அவரைக் காக்கா என்றே அழைக்கின்றனர். மருதமுனைச் சாரமும் சேலையும் இலங்கை முழுவதும் பெயர்பெற்றவை அல்லவா? முற்றத்தின் ஓரத்திலே தறி நின்றது. மஃரிப் பாங்கு ஒலித்தது. பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் வந்தன. கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுத்த அதே கணத்தில் மேலே சுழன்றுகொண்டிருந்த மின்விசிறி தளர்ந்தது. உள்ளறையில் குழல்விளக்கு மின்னி மின்னி ஏற மறுத்தது. குளிர்ப்பெட்டியோடு பொருத்தியிருந்த சிறு கருவியின் முள் 200 வோல்ட்டைத் தாண்டவில்லை. இந்நாட்டு விதிப்படி வீட்டுக்கு வரவேண்டியது 230. விதித்த எல்லைக்குள் சிறிது ஏறலாம், இறங்கலாம்.

“தம்பி, இதொண்டும் புதினமில்ல. தண்ணிக்கும் கடைமடை, கரண்டுக்கும் கடைமடை” என்றார் காக்கா, சிரித்துக்கொண்டே.

வயலூரில் பிறந்தவர்க்கே வாய்க்கும் சொல் அது. வாய்க்காலின் தலைப்பிலே இருப்பவன் தன் வயலை நிரப்பிக்கொண்ட பின்பே கடைமடைக்காரனுக்கு மிச்சம் வரும். மின்கம்பியிலும் ஏறக்குறைய அதுவே நடக்கிறது. தெருமுனை மின்மாற்றியிலிருந்து புறப்படும் மின்சாரம் ஒவ்வொரு வீட்டையும் கடக்கும்பொழுது கம்பியின் தடையாலே சிறிது அழுத்தத்தை இழக்கிறது. வீடுகள் குறைவாயிருந்த காலத்தில் போட்ட கம்பியிலே வீடுகள் பெருகிவிட்டால் இழப்பும் பெருகும். அதுவும் நேர்விகிதத்தில் அன்று. கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால் வெப்பமாய் வீணாவது நான்கு மடங்கு. இக்காரணத்தினாலேயே தொலைதூரத்துக்கு மின்சாரத்தை 132,000 வோல்ட்டிலும், மாவட்டத்துக்குள் 33,000 வோல்ட்டிலும் அனுப்பி, தெருவுக்கு வந்த பிறகே அழுத்தத்தைக் குறைக்கிறார்கள். உயர்ந்த அழுத்தத்திலே அதே வேலைக்கு ஓட்டம் குறைவு, விரயமும் குறைவு.

மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை மின்சாரக் கணக்கில் உச்ச நேரம். நோன்பு துறப்பதும், இரவுச் சமையலும், தராவீஹ் தொழுகையும், பெருநாளுக்குத் துணி வாங்கும் கூட்டமும் அந்த நான்கு மணி நேரத்துக்குள்ளேயே அடங்குகின்றன. அறையினுள்ளே காக்காவின் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் வாய்த்தது அந்த நான்கு மணி நேரமே.

மறுநாள் காலை, அந்த விளக்கின் ஊற்றைக் காணவேண்டும் என்று மேற்கே புறப்பட்டோம். விபுலானந்த அடிகள் பிறந்த காரைதீவிலே பெருந்தெருவை விட்டுத் திரும்பினால், சம்மாந்துறை வயல்களை ஊடறுத்து அம்பாறைக்குச் செல்லும் வீதி. அறுவடைக் காலம், வைக்கோல் மணம் வழிநெடுகத் தொடர்ந்தது. அம்பாறையைக் கடந்து மேலும் மேற்கே போனால் இங்கினியாகலை.

பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் அழைத்த கல்லோயாவை மறித்து அங்கே மாபெரும் மண்ணணை நிற்கிறது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை நிறுவப்பெற்றது; அமெரிக்க நிறுவனமாகிய மொரிசன்-நட்சன் அணையைக் கட்டியது. முதற் பிரதமரின் பெயரால் சேனநாயக்க சமுத்திரம் என்று வழங்கும் இந்நீர்த்தேக்கம் 770,000 ஏக்கர் அடி நீர் கொள்ளும். அணைமேல் நின்று பார்த்தால் மறுகரை மலைகளின் நீலத்தோடு கலந்துவிடுகிறது. தேக்கத்தைச் சூழ்ந்த காடு 1954இல் தேசிய வனமாயிற்று. தீவுக்குத் தீவு நீந்திக் கடக்கும் யானைகளைப் படகிலிருந்து காணலாம் என்பர். எமக்கு அன்று கிட்டியது நீர்க்காக்கைகளின் தரிசனமே.

அணையின் அடிவாரத்திலேதான் மின்நிலையம். நான்கு சுழலிகள், யாவும் சேர்ந்து சுமார் 11 மெகாவாட். ஆனால் அவை தம் விருப்பம்போலச் சுழல்வதில்லை. இங்கே நீருக்கு முதல் உரிமையாளன் நெல். பெரும்போகத்துக்கும் சிறுபோகத்துக்கும் வயலுக்குத் திறந்துவிடும் நீர் போகிற வழியில் சுழலியையும் சுற்றிவிட்டுப் போகிறது. அறுவடைக்காக வாய்க்கால் அடைபட்டால் எந்திரத்துக்கும் வேலை குறையும். சோறும் விளக்கும் ஒரே நீரைப் பகிர்ந்துகொள்ளும் இவ்வேற்பாட்டைக் கண்டபொழுது, எமக்கு அது குறையாகத் தோன்றவில்லை. விளக்குக்காக நெல்லைக் காயவிடும் ஏற்பாட்டை எந்த உழவன் பொறுப்பான்?

ஆயினும் 11 மெகாவாட் என்பது நாட்டின் உச்சத் தேவையில் அரை விழுக்காடு கூட இல்லை. 1918இலேயே நீர்மின்னின் பயனைக் கணக்கிட்டுக் காட்டிய பொறியியலாளர் விமலசுரேந்திரவின் கனவு, 1950இல் லக்சபானாவில் நனவாயிற்று. பின்னர் மகாவலி வந்தது. மேற்குக் கரையில் 900 மெகாவாட் நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் வந்தது. அங்கிருந்தெல்லாம் மலை கடந்து, காடு கடந்து வரும் மின்சாரமே இக்கடற்கரைக்குப் பெரும்பகுதி. வழியிலே இழப்பு உண்டு. 2000ஆம் ஆண்டளவில் நாட்டில் உற்பத்தியானதில் ஐந்தில் ஒரு பங்கு வீடு சேருமுன் காணாமற் போயிற்று. அது பின்னர் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. பாராட்டத்தக்க வேலை. கடற்கரையிலோ உப்புக் காற்று இரும்பையும் கம்பியையும் ஓயாமல் அரிக்கிறது. 1978 நவம்பர் 23ஆந் திகதிச் சூறாவளியும், 2004 டிசம்பர் 26ஆந் திகதிச் சுனாமியும் இக்கரையைச் சிதைத்துச் சென்றதை முதியோர் இன்னும் திகதியோடு சொல்கின்றனர்.

நாடு முழுவதுமே கடைமடையான நாள்களும் உண்டு. எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாத 2022 மார்ச் இறுதியில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. சில நாள்களில் ரமழான் பிறந்தது. கல்முனையில் பலர் குப்பிலாம்பைத் தேடினர், மண்ணெண்ணெயும் கிடைக்கவில்லை. அவ்வாண்டு ஓகஸ்டில் கட்டணம் 75 விழுக்காடும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 விழுக்காடும் ஏறின. 2025 பெப்ரவரி 9ஆந் திகதி, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாம். இலங்கை முழுதும் இருண்டது. அனுமார் தீ வைத்த கதை அறிந்த நாடாயிற்றே என்று சிலர் வேடிக்கை பேசினர். உண்மையிலே அன்று ஞாயிறு நண்பகல். தேவை குறைவு, கூரைச் சூரியத் தகடுகளின் பங்கு மிகுதி. அதிர்ச்சியைத் தாங்கிக்கொள்ளும் கனத்த சுழலிகள் போதிய அளவில் ஓடவில்லை. கூரையில் தகடு வைத்திருந்தோர் வீடுகளும் இருண்டதுதான் பலர்க்கு வியப்பு. வெளிக்கம்பியில் மின் இல்லாதபோது, பழுது பார்ப்பவரைக் காக்கும் பொருட்டு அக்கருவி தானாகவே நின்றுவிடும். மின்கலம் இருந்தாலன்றி அவ்வீட்டுக்கும் இருள்தான்.

மாலையில் மருதமுனைக்கு மீண்டோம். ஒழுங்கைக்குத் தடித்த கம்பியும் இன்னொரு மின்மாற்றியும் வேண்டுமென்று அயலார் கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றைக் காக்கா எடுத்துக் காட்டினார். அது எப்பொழுது பலிக்குமோ! அதுவரைக்கும் கை கட்டி இருக்கவில்லை அவர். 60 வாட் குமிழ்களைக் கழற்றி 9 வாட் எல்.ஈ.டி. குமிழ்கள் போட்டிருந்தார், அழுத்தம் தாழ்ந்தாலும் அவை ஒளி குன்றுவதில்லை. தறிக்கு நேர்மேலே ஒன்று. கைத்தறிக்கு மின்சாரம் வேண்டாம். நூல் பார்க்கும் கண்ணுக்கு வேண்டுமே. அன்று மாலை உள்ளறைக் குழல்விளக்கும் இறக்கப்பட்டு, அங்கும் ஒரு குமிழ் தொங்கிற்று. மகள் அதன் கீழே கணிதப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள்.

துணி அழுத்துவதும் தண்ணீர் மோட்டார் போடுவதும் இவ்வீட்டில் உச்ச நேரத்தில் இல்லை. ஒழுங்கையில் இன்னும் நான்கு வீட்டாரை அதற்கு இணங்கச் செய்திருக்கிறார். ஐந்தாவது வீட்டு மச்சான் மட்டும் மசியவில்லையாம்.

தராவீஹ் முடிந்து சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்த காக்கா, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தரை. கிணற்றடிக்குப் போய் மோட்டாரின் பொத்தானை அழுத்தினார். இரண்டு முறை முனகிவிட்டு அது ஓடத் தொடங்கியது.