பதினாறாவது வாரம்

ஐப்பசி 9

நேற்றிரவு மழையில் எதிர்ச்சாரிச் சாக்கடை பெருகவே, அதன் ஓரத்தில் குட்டி போட்டிருந்த தெருநாய் மற்றக் குட்டிகளையெல்லாம் எங்கோ கவ்விச் சென்றுவிட்டது. விடுபட்டுப்போன பெட்டை ஒன்று விடியற்காலையில் எங்கள் திண்ணையில் நடுங்கிக்கொண்டு கிடந்தது. இதய அறுவை முடிந்து என் மனைவி புரட்டாசிக் கடைசியில் வீடு திரும்பிய நாள் முதலாக, வாசலில் செருப்பைக் கழற்றிக் கைகால் கழுவாத ஒருவரையும் உள்ளே விடாமல் காவல் காத்துவருகிற நான், அந்தக் குட்டி உள்ளே வர எப்படிச் சம்மதித்தேன் என்பதை எழுதி வைத்தாலொழியப் பின்னால் எனக்கே நம்பிக்கை வராது. அவள் கேட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அவளாக ஒன்றைக் கேட்டது இதுவே முதல் தடவை.

ஐப்பசி 10

பால் குடித்தது. பெயர் வைக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஐப்பசி 13

பக்கத்து வீட்டுத் தம்பி ராஜபாளையம் நாய் வளர்த்த அனுபவஸ்தர். 45ஆம் நாள் ஒன்று, அதற்கு 21 நாள் கழித்து ஒன்று, 90ஆம் நாள் வெறிநோய் ஊசி, அதோடு காரியம் தீர்ந்தது என்றார்; "தெருநாய்க்கு அதுகூட எதுக்குங்க ஐயா?" என்றும் சேர்த்துக்கொண்டார். பிறந்த நாள் தெரியாத ஜீவனுக்கு 45ஆம் நாளை எங்கிருந்து எண்ணுவது என்று கேட்டேன். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

கால்நடை வைத்தியர் வேப்பேரிக் கல்லூரியில் படித்த இளைஞர். பல்லைப் பார்த்து, ஆறு வாரம் தாண்டியிருக்கும், எட்டு ஆகியிராது என்றார். பிறகு அவர் விளக்கிய விஷயம் என்னை இரவு வெகுநேரம் தூங்கவிடவில்லை. பிறந்த முதல் நாளில் சீம்பாலோடு தாயிடமிருந்து குட்டியின் இரத்தத்தில் சேருகிற எதிர்ப்புச் சக்தி, வாரத்துக்கு வாரம் தேய்ந்து, ஒரு குட்டிக்கு எட்டு வாரத்திலும் இன்னொன்றுக்குப் பதினான்கு வாரத்திலுமாக அற்றுப்போகிறது. அது நிறைந்திருக்கும் வரையில், ஊசி மருந்திலுள்ள வலுவொடுக்கிய கிருமியையும் பகையென்றே கருதி அழித்துவிடுவதால், ஊசி போட்டதும் போடாததும் ஒன்றாகிறது. நோயைத் தடுக்கப் போதாததாயும் ஊசியைக் கெடுக்கப் போதியதாயும் அது நிற்கிற சில நாட்கள் இடையிலே வருகின்றன. அந்த நாட்கள் எவையென்று முகத்தைப் பார்த்துச் சொல்ல எந்த வைத்தியராலும் ஆகாது. "எத்தனை ஊசி போட்டோம்ங்கிறது கணக்கில்லை சார். கடைசி ஊசி பதினாறு வாரம் நிறைஞ்ச பிறகு விழுந்ததா, அதுதான் கணக்கு" என்றார்.

தாய் கொடுத்ததே குறுக்கே நிற்கிறது என்பதை மனைவியிடம் சொன்னேன். சிரித்தாள்.

ஐப்பசி 14

ஊசி போட்டாயிற்று. குட்டி அழவில்லை.

ஐப்பசி 21

தெருக்கோடி வீட்டில் விலைகொடுத்து வாங்கிய குட்டி பார்வோவில் போய்விட்டது. வாந்தி, பிறகு இரத்தமாகப் பேதி. 1978ஆம் ஆண்டு வாக்கில்தான் உலகம் கண்டறிந்த வியாதி. அதற்குள் இது போகாத தேசமில்லை. பேதியோடு வெளியேறும் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். செருப்படியில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள் வரும். சோப்புக்கு மசியாது, பிளீச்சிங் தண்ணீருக்கு மசியும். வாசலெல்லாம் தெளித்தேன். பால்காரரையும் பூக்காரம்மாவையும் படிக்கு அப்பாலேயே நிற்கச் சொன்னேன்.

"முதலில் எனக்காகச் செருப்பைக் கழற்றச் சொன்னீர்கள், இப்போது நாய்க்காக ஆளையே நிறுத்துகிறீர்கள். இனி இந்த வீட்டுக்கு யார்தான் வருவார்கள்?" என்றாள். இதய வைத்தியர் அவளைத் தினமும் நடக்கச் சொல்லியிருக்கிறார். கூடத்துக்கும் கொல்லைக்குமாக நடந்தால் ஆகாதா, தெருவில்தான் நடக்க வேண்டுமா என்று நான் கேட்டதற்கும் நாய்க்கும் சம்பந்தமில்லை. ஆயினும் பேச்சு அங்கே போய்த்தான் முடிந்தது.

ஐப்பசி 22

பேச்சில்லை.

ஐப்பசி 27

புயல் மழை. இரவு முழுவதும் மின்சாரம் இல்லை. தடுப்பு மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால்தான் மருந்து. வைத்தியர் வீட்டுக் குளிர்பெட்டியை நினைத்துக்கொண்டு விழித்திருந்தேன்.

கார்த்திகை 1

விளையாட்டாகத்தான் கடித்தது, கட்டைவிரலில் இரத்தம் கசிந்தது. குழாயடியில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவினேன். வெறிநோய்த் தடுப்பூசி அதற்குப் பன்னிரண்டு வாரமான பின்புதான். தாயோ எந்த நாயிடம் கடிபட்டதென்று யார் கண்டது? அரசாங்க ஆஸ்பத்திரியில் புஜத்தில் ஓர் ஊசி போட்டு, இன்றைய தினத்தைப் பூஜ்யமாக வைத்து 3, 7, 14, 28 என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சிறுவயதில் என்னோடு படித்தவன் ஒருவனுக்குத் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு நாள் போட்டது ஞாபகம் வந்தது. டேவிட் செம்பிள் என்பவர் கசௌலியில் 1911ஆம் ஆண்டு வகுத்த மருந்து அது. ஆட்டு மூளையிலிருந்து எடுப்பது. நம் குன்னூரிலும் தயாரித்தார்கள். இந்தியாவில் அது நின்றது 2004ஆம் ஆண்டில்.

சீட்டைப் பார்க்கப் பார்க்க மனம் சாந்தமடைந்தது. கடிபட்ட நாள் தெரியும். மிச்சத்தை எண்ணிக்கொண்டு போகலாம்.

கார்த்திகை 5

குட்டிக்கு இரண்டாவது ஊசி. மனைவியும் ஆட்டோவில் வந்தாள், பிடிவாதமாக. குட்டி வெளியே போகிறதா என்று வைத்தியர் கேட்டார்.

"நாங்கள் இரண்டு பேருமே போவதில்லை" என்றாள்.

அவர் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு என்னிடம் திரும்பினார். மூன்றாவது வாரம் முதல் பன்னிரண்டு பதினான்கு வாரம் வரையில்தான் குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவம். அதில் சத்தமும் மனிதர்களும் வண்டியும் கண்டிராத நாய், நோயில்லாமல் வளர்ந்தாலும் ஆயுள் முழுவதும் அஞ்சியே சாகும். மண்ணில் விடவேண்டாம், மடியில் வைத்துக் காட்டுங்கள் என்றார்.

கார்த்திகை 6

திண்ணையில், மடியில். ஒரு மணி நேரம்.

கார்த்திகை 8

திண்ணையில். பூக்காரம்மா உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். லாரி போனபோது குட்டி ஒடுங்கிற்று, பிறகு தலையைத் தூக்கிப் பார்த்தது.

கார்த்திகை 11

கடித்த நாய் பத்து நாள் சுகமாக இருந்துவிட்டால் மிச்ச ஊசி அவசியமில்லை என்றார்கள். ராசாத்தி சுகமாகவே இருக்கிறாள், என் மூக்குக் கண்ணாடி உறையைத் தின்றுவிட்டாள். நான் ஐந்தையும் போட்டுக்கொள்வதாகவே உத்தேசம்.

கார்த்திகை 26

மூன்றாவது ஊசியும் வெறிநோய் ஊசியும். இதோடு போதும் என்பது பக்கத்து வீட்டுத் தம்பியின் அபிப்பிராயம். வைத்தியர் மார்கழி 18 என்று அட்டையில் குறித்திருக்கிறார். அன்றைக்குப் பதினாறு வாரம் நிறைகிறதாம். பல்லைப் பார்த்துப் போட்ட கணக்குத்தானே, ஒரு வாரம் முன்பின் இருக்கலாமே என்றேன். அப்படியானால் 25க்கு வைத்துக்கொள்ளுங்கள், நான்கு வார இடைவெளி தாங்கும் என்றார். அந்த ஒரு வாரமும் மண்ணில் விடக்கூடாதே என்றேன். "நீங்கதான் முடிவு பண்ணணும் சார்."

மார்கழி 3

தஞ்சாவூரில் அவளுக்குப் பரிசோதனைக்குத் தேதி வந்திருக்கிறது: மார்கழி 18. "நீங்கள் ராசாத்தியைக் கொண்டுபோங்கள். நான் பஸ்ஸில் போய்வருகிறேன்" என்கிறாள். தனியாகவா என்று கேட்டதற்கு, தனியாகத்தான் என்கிறாள். 25க்குத் தள்ளிப் போட்டுவிடலாம், ராசாத்தியுடையதை. அல்லது 18ஆம் தேதியே அவளுக்குப் போட்டுவிட்டு, 25ஆம் தேதி மறுபடியும் ஒன்று போடலாமா என்று வைத்தியரைக் கேட்க வேண்டும். அதற்கு இரண்டு வாரமாவது இடைவெளி வேண்டும் என்பார். காலை பஸ்ஸில் கூட்டம் எப்படியிருக்கும் என்று தம்பியிடம் விசாரிக்க வேண்டும்.