நான்கு உள்ளங்கைகள்

புதிய வண்டி வாங்கியவர்கள், ஞாயிறு திருப்பலி முடிந்தவுடன் அதைக் கோவில் முற்றத்தில் நிறுத்திப் பங்குத்தந்தையின் ஆசியைப் பெறுவது நம் பங்குகளில் நெடுநாளைய வழக்கம். முன்கண்ணாடியிலும் இருக்கைகளிலும் தீர்த்தம் தெளிக்கப்படுகிறது. ஓட்டுநரின் கண்முன்னே புனித கிறிஸ்டோபரின் சிறு உருவம் ஒன்று இடம்பெறுகிறது. குழந்தை இயேசுவைத் தோளில் சுமந்து ஆற்றைக் கடந்ததாக மரபு போற்றும் புனிதர் அவர். 1969ஆம் ஆண்டில் திருவழிபாட்டு நாள்காட்டி சீரமைக்கப்பட்டபோது அவரது திருநாள் பொது நாள்காட்டியில் இடம்பெறாமல் போயிற்று. ஆயினும் ஜூலை 25இல் அவரை நினைவுகூரும் வழக்கமும், பயணிகளுக்கு அவர் மேலுள்ள பற்றும் மறைந்துவிடவில்லை.

அந்த உருவத்தைக் காணும்போதெல்லாம் நம் கண்கள் அவர் தோளிலிருக்கும் பாலகனையே நாடுகின்றன. ஆனால் அந்தப் பாலகனைக் கரை சேர்த்தவை, நீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் நின்ற அவருடைய பாதங்கள் அல்லவா? வெள்ளத்தில் கால் வழுக்கியிருந்தால் தோளின் வலிமையால் பயன் ஏது? வண்டிக்கும் இது பொருந்தும். அதன் பாதங்கள் டயர்களே. சாலையில் அது எத்துணை வேகமாக ஓடினாலும், ஒவ்வொரு டயரும் எந்த நொடியிலும் தரையைத் தொடுவது ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவே. அந்த நான்கு உள்ளங்கைகளின் மேல்தான் ஏழெட்டு உயிர்கள் அமர்ந்து செல்கின்றன.

எங்கள் வீட்டில் ஒரு பழைய ஜீப் உண்டு. 2008ஆம் ஆண்டில் பதிவான பொலீரோ வண்டி அது. பதினைந்து ஆண்டு நிறைந்தபின் 2023இல் மேலும் ஐந்தாண்டுக்குப் பதிவைப் புதுப்பித்தோம். வாசுதேவநல்லூரில் அது எங்கள் வீட்டு வாசலில் நின்றாலும், உண்மையில் தெருவுக்கே பொதுவான வண்டி. பேறுகாலப் பெண்ணை நள்ளிரவில் தென்காசி மருத்துவமனைக்குக் கொண்டு சேர்ப்பதும், சிறுநீரகம் பழுதுற்ற அண்டை வீட்டுக்காரரைச் சங்கரன்கோவில் வழியாகத் திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்வதும், ஞாயிறு மாலைகளில் உபதேசியாரைக் கிளை ஊர்களுக்கு ஏற்றிச் செல்வதும் அதன் பணிகள். புதியது வாங்க ஓய்வூதியம் இடம் தராது. தூக்கி எறியும் பண்பாட்டைக் குறித்துத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015ஆம் ஆண்டுத் திருமடலில் எச்சரித்த பிறகு, ஓடக்கூடிய ஒன்றைப் பேணி ஓட்டுவதில் எனக்கு வருத்தமும் இல்லை.

சென்ற புரட்டாசியில் ஒரு நாள், பஞ்சர் ஒட்டச் சென்ற இடத்தில் வல்கனைசிங் பட்டறைக்காரர் டயரின் பள்ளத்திற்குள் விரலை வைத்துக் காட்டினார். அங்கே குறுக்காக ஒரு சிறு மேடு, டயரின் மேற்பரப்புக்குச் சமமாக வந்திருந்தது. தேய்மானத்தைக் காட்டுவதற்கென்றே தொழிற்சாலையில் வார்க்கப்படும் மேடு அது. புதிய டயரில் ஏறக்குறைய 8 மில்லிமீட்டர் ஆழமுள்ள பள்ளம் 1.6 மில்லிமீட்டராகக் குறையும்போது அந்த மேடு வெளிப்படும். கார், ஜீப் போன்றவற்றிற்கு நம் நாட்டு மோட்டார் வாகன விதிகள் அனுமதிக்கும் கடைசி எல்லையும் அதுவே.

“சார், இது டயர் இல்ல, வெறும் செருப்புத் தோலு. மழை பிடிக்குறதுக்குள்ள நாலையும் மாத்திருங்க” என்றார் அவர்.

அவர் மழையைக் குறிப்பிட்டதில் பொருள் இருந்தது. திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போகிறது. கேரளம் செல்லும் லாரிகளும், கரும்பு ஏற்றிய டிராக்டர்களும், புளியங்குடிச் சந்தைக்கு எலுமிச்சை கொண்டுபோகும் சிறு வண்டிகளும் ஒன்றையொன்று உரசுவதுபோல் ஓடும் சாலை அது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமாகையால் ஆனி, ஆடியில் சாரற்காற்று வரும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும். சித்திரையில் தார் உருகும். மாதக்கணக்கில் படிந்த எண்ணெயும் புழுதியும் முதல் தூறலில் குழைந்து சாலையைச் சவர்க்காரம் பூசினாற்போல் ஆக்கிவிடும். டயரிலுள்ள பள்ளங்கள் வெறும் அழகுக்கானவை அல்ல; சக்கரத்தின் அடியில் சிக்கும் நீரைப் பக்கவாட்டில் வெளியேற்றும் வாய்க்கால்கள் அவை. வாய்க்கால் தூர்ந்தால் வயலில் நீர் தேங்குவதுபோல, பள்ளம் தேய்ந்தால் டயருக்கும் சாலைக்கும் நடுவே நீர் தேங்கும். அப்போது வண்டி நீரின்மேல் மிதக்கும். தடையை மிதித்தாலும் நிற்காது, திருப்பினாலும் திரும்பாது.

பனி பெய்யும் நாடுகளில் கோடைக்கு ஒன்று, குளிருக்கு ஒன்று என இருவகை டயர்களை மாற்றி மாற்றிப் பூட்டுகிறார்கள். இரண்டுக்கும் பொதுவாகப் பயன்படுவதை ‘எல்லாப் பருவ டயர்’ என்கிறார்கள். நம் பகுதியில் எல்லாப் பருவம் என்பது வெயிலும் மழையுமே. நமக்கு வேண்டியது, கொதிக்கும் சாலையில் விரைந்து தேயாததும், ஈரச் சாலையில் பற்று விடாததுமான நடுத்தர டயர்.

தேவை இன்னதென்று தெளிவாயிற்று. ஆனால் அறிவுரைகள் பல திசையிலிருந்தும் வந்தன. வெளியூரில் பணிபுரியும் மகன், கரடுமுரடான பெரிய கட்டங்கள் கொண்ட டயரை வாங்கச் சொன்னான். அது சேற்றுக்கும் கற்பாதைக்கும் ஏற்றது. தார்ச் சாலையில் இரைச்சல் மிகுதி, எரிபொருள் செலவும் சற்றுக் கூடுதல், விலையும் அதிகம். எங்கள் ஓட்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு தார்ச் சாலை. நண்பர் ஒருவர், பழைய டயருக்கே மேல்ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் முறையைப் பரிந்துரைத்தார். பேருந்துகளிலும் லாரிகளிலும் பன்னெடுங்காலமாகப் பயன்படும் நல்ல முறைதான். ஆயினும் அடிப்பகுதி உறுதியாக இருந்தால் மட்டுமே மேற்பூச்சு நிற்கும். எங்கள் டயர்களின் பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன.

மூன்றாவது யோசனையே மனத்தை மிகவும் ஈர்த்தது. வேறு வண்டிகளிலிருந்து கழற்றிய டயர்கள் புதியதன் விலையில் மூன்றிலொரு பங்குக்குக் கிடைத்தன. கறுப்பு மெருகெண்ணெய் பூசப்பட்டுப் புதியவைபோல் மின்னின; பள்ளமும் ஆழமாயிருந்தது. பட்டறைக்காரர் ஈரத்துணியால் பக்கச் சுவரைத் துடைத்து நான்கு இலக்கங்களைப் படிக்கச் சொன்னார். ‘2313’ என்றிருந்தது. முதல் இரண்டு இலக்கம் வாரம், பின் இரண்டும் ஆண்டு. 2013ஆம் ஆண்டின் இருபத்து மூன்றாம் வாரத்தில் பிறந்த டயர் அது. ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் வெயிலாலும் காற்றாலும் இறுகி, நெகிழ்வை இழக்கும். பள்ளம் ஆழமாயிருப்பதால் மட்டும் டயர் இளமையானது ஆகிவிடாது. வெளியே வெண்மையும் உள்ளே அழுக்குமான கல்லறைகளைப் பற்றி ஆண்டவர் கூறியதை அங்கு நினைத்துக்கொண்டேன். அந்தக் கறுப்பு மெருகும் அத்தகைய வெள்ளைப் பூச்சுத்தான்.

டயரின் பக்கச் சுவர் ஒரு திறந்த ஏடு என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன். எங்கள் வண்டிக்குரிய அளவு 215/75 ஆர் 15. அகலம் 215 மில்லிமீட்டர். அதில் 75 விழுக்காடு பக்கச் சுவரின் உயரம். ‘ஆர்’ என்பது ரேடியல் என்னும் கட்டமைப்பு. 15 அங்குலம் உள்வளையத்தின் விட்டம். அதையடுத்து வரும் 100 என்னும் சுமைக்குறி, ஒரு டயர் 800 கிலோ தாங்கும் எனக் காட்டுகிறது. அதன்பின் வரும் ‘எஸ்’ எழுத்து, மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் வரை ஈடுகொடுக்கும் என்பதற்கு அடையாளம். நம் நாட்டில் விற்கும் புதிய டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். விலை மலிவு என்பதற்காகச் சுமைக்குறி குறைந்த டயரைப் பூட்டுவது, பத்து வயதுச் சிறுவன் தலையில் நெல் மூட்டையை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

இந்தக் கருவளையத்திற்குப் பின்னாலும் மனிதரின் நீண்ட உழைப்பு இருக்கிறது. இயற்கை ரப்பரைக் கந்தகத்துடன் சூடாக்கி உறுதிப்படுத்தும் முறையை 1839இல் கண்ட சார்லஸ் குட்இயர், 1860இல் கடனாளியாகவே இறந்தார். பெல்பாஸ்டில் வாழ்ந்த கால்நடை மருத்துவர் ஜான் பாய்ட் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்னும் தந்தைப் பாசத்தால் 1887இல் காற்றடைத்த டயரைச் செய்தார். சென்னைத் திருவொற்றியூரில் கே. எம். மாம்மன் மாப்பிள்ளை 1946இல் ஒரு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கியதே பின்னாளில் எம்.ஆர்.எப். என்னும் பெருந்தொழிலாக வளர்ந்தது. மலைக்கு அப்பால் கேரளத்திலும், நம் கன்னியாகுமரி மாவட்டத்திலும் விடியுமுன் எழுந்து மரத்தில் பால் வெட்டுவோரின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது.

இறுதியில் என் முன் நின்றது பணம் என்னும் கேள்வி. 2025 செப்டம்பர் 22 முதல் புதிய டயர்களுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைந்திருந்தது. அப்படியும் நடுத்தர விலையில் நான்கு நெடுஞ்சாலை டயர்களும், சக்கரச் சீரமைப்பும் சேர்ந்து 25,000 ரூபாயை எட்டின. கையிருப்பும் ஏறக்குறைய அதே தொகைதான். ஆனால் அது, கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று புதுநன்மை வாங்கவிருந்த எங்கள் பேத்தியின் விருந்துக்கென ஒதுக்கப்பட்டது. உறவினர் பலருக்குச் சொல்லியாகிவிட்டது. விருந்தைக் குறைத்தால் சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் எனக்கு இருந்தது. பழைய டயரை வாங்கிவிட்டால் இரண்டும் நடந்துவிடுமே என்றும் கணக்கிட்டேன்.

கணக்கை என் மனைவியிடம் காட்டினேன். அவள் சற்றுநேரம் பேசாதிருந்து பிறகு சொன்னாள்: “ஏங்க, பந்தியில நூறு பேரு குறைஞ்சா நன்மைக்கு ஒரு குறையும் வராது. வண்டியில ஏறினவங்கள்ல ஒருத்தர் குறைஞ்சா அதுக்கு யாரு பதில் சொல்ல?”

அதன்பின் ஆலோசிக்க ஒன்றுமில்லை. கோபுரம் கட்டுவதற்கு முன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கும் மனிதனைப் பற்றி ஆண்டவர் லூக்கா நற்செய்தியில் பேசுகிறார். கணக்குப் பார்ப்பது கையிலுள்ள தொகையை எண்ணுவது மட்டுமன்று. எது குறைந்தால் பொறுக்கலாம், எது குறைந்தால் பொறுக்க முடியாது என்று பிரித்தறிவதும் அதில் அடங்கும். புதிய டயர்களின் பிறப்பெண்ணைப் படித்துப் பார்த்தே வாங்கினோம். நான்கும் அதே ஆண்டில் செய்யப்பட்டவை.

மற்றொரு முடிவும் எஞ்சியிருந்தது. கழற்றிய டயர்களை எடுத்துக்கொள்ள ஒரு கடைக்காரர் முன்வந்தார்; விலையில் சில நூறு ரூபாய் கழித்துத் தருவதாகவும் சொன்னார். அவை எங்கே போகும் என்று கேட்டேன். தேய்ந்த பள்ளத்தைக் கத்தியால் மேலும் ஆழமாகக் கீறி, மெருகு பூசி, தம்மைவிட வசதி குறைந்த ஒருவர் தலையில் கட்டுவதுண்டு என்பது பேச்சில் தெரிந்தது. நம் பிள்ளைகளுக்கு ஆகாது என்று கழற்றியதை மற்றொருவரின் பிள்ளைகளுக்கு அனுப்புவது எப்படி நியாயமாகும்? பட்டறைக்காரரைக் கொண்டு பக்கச் சுவர்களை அறுக்கச் செய்து, மறுசுழற்சிக்குச் செல்லும் கழிவோடு சேர்ப்பித்தோம். மழைநீர் தேங்கிக் கொசு வளரக் கொல்லையிலும் போடவில்லை. இழந்தது சில நூறு ரூபாய்தான். ஆயினும் அன்று இரவுச் செபமாலையின்போது நெஞ்சம் இலேசாயிருந்தது.

2007ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருப்பீடம் சாலைப் பயணம் குறித்த மேய்ப்புப்பணி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. வாகனம் ஓட்டுவோருக்கெனப் பத்துக் கட்டளைகளும் அதில் உண்டு. அவற்றுள் முதலாவதாக வைக்கப்பட்டிருப்பது கொலையை விலக்கும் கட்டளை. வண்டி ஓட்டுவதும் அறநெறி சார்ந்த செயல் என்று திருச்சபை கூறுவதை நாம் போதிய அளவு சிந்தித்ததில்லை. பாவசங்கீர்த்தனத்திற்குமுன் மனச்சான்றை ஆராயும்போது, மொட்டை டயருடன் பிறரை ஏற்றிச் சென்றது நம் எவருக்கேனும் நினைவுக்கு வருகிறதா?

பெரிய வியாழனன்று ஆண்டவர் சீடர்களின் தலையையன்று, பாதங்களையே கழுவினார். புழுதி படிவதும் முள் தைப்பதும் அங்கேதான். வண்டி வைத்திருக்கும் அன்பர்களும் வாரத்தில் ஒருநாள் அதன் பாதங்களைக் குனிந்து நோக்கலாம். காலையில் சக்கரம் சூடேறுவதற்கு முன்பே காற்றின் அளவைப் பார்க்க வேண்டும்; காற்றுக் குறைந்த டயர் ஓட்டத்தில் மடங்கிச் சூடேறி வெடிக்கக் கூடும். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் ஓட்டுநரின் கதவருகே ஒட்டிய தாளிலேயே இருக்கும். பள்ளத்தில் சிக்கிய கல்லை அகற்ற வேண்டும், ஸ்டெப்னியையும் மறக்கலாகாது.

கிறிஸ்து அரசர் பெருவிழாவன்று விருந்து சிறிதாகவே நடந்தது; சம்பந்தி வீட்டார் மனநிறைவோடு உண்டு வாழ்த்திச் சென்றனர். மறுநாள் வழக்கம்போல் அண்டை வீட்டுக்காரரைத் திருநெல்வேலிக்கு அழைத்துச் செல்லும் முறை. நல்ல மழை. அவர் பின்னிருக்கையில் சாய்ந்து, ஊர் சேரும்வரை அயர்ந்து தூங்கினார்.